மூடுபனிச் சாவடிக்கு இரண்டு முடிவுகள்

அம்மா என் தலையைச் சீவும்போது அவள் விரல்களிலிருந்து வார்னிஷ் வாசனை வரும். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத, லேசாகத் தித்திப்பது போலிருந்து பிறகு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாசனை. ஓசூரில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த எண்பதுகளில், மின்கருவிகளுக்குச் செம்புக் கம்பி சுற்றும் ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். தலைமுடியைவிடச் சற்றே தடித்த, வார்னிஷ் பூசிய கம்பி. அதை ஒரு சிறிய உருளையில் ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். சுற்றும்போது பேசக் கூடாது. பேசினால் எண்ணிக்கை தவறும், தவறினால் ‘ரிஜெக்ட்’. நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு, மெல்லிய சிவப்புக் கம்பி ஓடுவதையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் மனம் எங்கெல்லாம் போய்வரும் என்பது எனக்கு மட்டுமல்ல, அவளோடு ஒரே வண்டியில் வேலைக்குப் போன நாற்பது பெண்களுக்கும் தெரிந்திருந்தது. ஏனென்றால் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா சொல்லத் தொடங்கிவிடுவாள்.

‘கம்பெனி வண்டி’ பாகலூரில் கிளம்பி, சாலையோரத்தில் காத்திருக்கும் பெண்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போகும். என் பள்ளிக்கூடம் அந்த வழியில்தான் இருந்தது. வேலை செய்யாதவர்கள் ஏறக் கூடாது என்பது விதி. டிரைவர் பாஷா பாய் தன் இருக்கைக்குப் பக்கத்தில் சூடாக இருக்கும் இன்ஜின் பெட்டியின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அந்த விதியை எனக்காகத் தினமும் மீறினார். “குளுருக்கு இதாம் பாப்பா நல்ல எடம். செக்கிங் வந்தா மட்டும் கீழ குனிஞ்சிக்கோ” என்பார். அவர் கிருஷ்ணகிரிக்காரர், கதை நல்ல கட்டத்தில் இருந்தால் வண்டியின் வேகம் தானாகக் குறைந்துவிடும்.

அந்தக் காலத்து ஓசூர்ப் பனியை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மார்கழியிலும் தையிலும் காலை எட்டரை மணிவரைக்கும் சாலை இருக்காது. முகப்பு விளக்கின் வெளிச்சம் இரண்டு ஆள் தூரம் போய் நின்றுவிடும். அதற்கு அப்பால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு மாட்டின் கொம்பு, ஒரு சைக்கிள், யூகலிப்டஸ் மரத்தின் பாதி என்று ஒவ்வொன்றாக முளைத்து வந்து மறையும். பாறைக் குன்றுகள் எல்லாம் அடி இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடிப்பது, எங்கோ பெரிய விலங்குகள் ஒன்றையொன்று கூப்பிடுவதுபோலக் கேட்கும். அம்மா தன் கதையை அந்தப் பனிக்குள்ளிருந்துதான் எடுத்தாள்.

அவள் கதையில் மூடுபனிக்கு இந்தப்பக்கம் ஒரு ஊர். ஊரைச் சுற்றியிருக்கும் குன்றுகள் உண்மையில் தூங்கும் அரக்கர்கள். அவர்களுக்குத் தாகம் எடுத்தால் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் ஊர் இல்லை. அவர்கள் குடிக்கும் நீர் பனிக்கு அந்தப்பக்கத்துச் சுனையில் மட்டும் ஊறுகிறது. அதைக் கொண்டுவரப் போகிறவள் செம்பி என்ற பெண். நடுவில் ஒரு சாவடி. சாவடிக்காரனுக்கு முகம் இல்லை, காது மட்டும் முறம்போல இருக்கும். கடந்துபோகிற ஒவ்வொருவரும் ஒரு சொல்லை அவனுடைய மண்பானைக்குள் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்னதும் அவன் மூடியை வைத்துவிடுவான். அதற்குப் பிறகு அந்தச் சொல் அவர்கள் நாவுக்கு வராது. பொருள் எதிரில் இருக்கும், பேர் மட்டும் இருக்காது.

செம்பி முதல் தடவை ‘பாகற்காய்’ என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டியே சிரித்தது. நாங்கள் எல்லோரும் எந்தச் சொல்லைக் கொடுப்போம் என்று அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது.

“நானா இருந்தா மாமியாருன்னு சொல்லிட்டுப் போயினே இருப்பேன்” என்றார் நாகரத்னா அக்கா.

“எக்கா, மாமியாங்கிற சொல்லுதான போவும், மாமியா போவாதுல்லா?” என்று பின்னால் இருந்து செல்வி அக்கா கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர். நாகரத்னா அக்கா யோசித்துவிட்டு, “அப்ப சூப்பர்வைசரு” என்றார். பாஷா பாய் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

ஆனால் நாட்கள் போகப்போக, விட்டுவிடக்கூடிய சொற்கள் செம்பிக்குத் தீர்ந்துகொண்டே வந்தன. ‘மஞ்சள்’ போயிற்று. ‘மழை’ போயிற்று. மழை பெய்யும்போது அவள் வாசலில் நின்று கையை நீட்டி, அது என்னவென்று சொல்ல முடியாமல் அழுதாள். அன்றும் அம்மா வழக்கம்போல, “இவத்துக்கு சாக்கு” என்று முடித்துவிட்டு எழுந்தாள். இன்றைக்குப் போதும் என்பதைக் கன்னடத்தில்தான் சொல்வாள்.

அம்மா எல்லைக்கு அந்தப்பக்கத்துக்காரி. கர்நாடகத்தில், சர்ஜாபுரத்தைத் தாண்டி ஒரு கிராமம். தர்மபுரிக்காரரான அப்பா, ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்து, இருவரும் யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு இந்தப்பக்கம் வந்துவிட்டார்கள். அவளுடைய வீட்டார் அதோடு பேச்சை விட்டுவிட்டார்கள். பிறந்தபோது வைத்த பேர் கெம்பம்மா. ரேஷன் அட்டை எழுதியவர் அதைச் செம்பம்மாள் என்று மாற்றிவிட்டார். அதுவே கம்பெனி அட்டையிலும் ஏறிவிட்டது. ஏழாம் வகுப்புவரை கன்னடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. என்னைப் ‘புட்டி’ என்று கூப்பிடுவாள். அவள் பேச்சில் அதற்குச் சின்னவள் என்று அர்த்தம். என் வகுப்பில் அதற்கு பாட்டில் என்று அர்த்தம்.

கதை புத்தகமாக வேண்டிவந்ததற்குக் காரணம், கம்பெனி இன்னொரு வண்டி விட்டதுதான். பாதிப் பெண்கள் புது வண்டிக்கு மாற்றப்பட்டார்கள். மாறிப்போனவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். “எங்களுக்கு எழுதிக் குடுத்துருங்க கெம்பக்கா, நாங்க எங்க வண்டியில படிச்சிக்கறோம்” என்றார்கள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில் அம்மா துணி துவைத்துக்கொண்டே சொல்ல, துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் எழுத ஆரம்பித்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. அவள் பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொல்வதை நான் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுவேன். எழுதியதைப் படித்துக்காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். “நம்ம செம்பி நல்லா தமிழ் பேசறா” என்பாள்.

அதுவரை எழுதிய நோட்டைச் செல்வி அக்கா நல்ல கையெழுத்தில் படியெடுத்து, சென்னையில் ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இது சிறுவர்களுக்கா பெரியவர்களுக்கா என்பது தெளிவாக இல்லை என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தார்கள். செல்வி அக்கா அதைப் படித்துச் சொன்னதும் அம்மா கேட்டாள், “பனி யாருக்குன்னு யாராச்சும் கேக்கறாங்களா?”

அதற்குப் பிறகு பாஷா பாய்தான் வழி சொன்னார். அவருடைய மச்சான் கிருஷ்ணகிரியில் அச்சகம் வைத்திருந்தார். மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைகளுக்கு டப்பா லேபிள் அடிப்பதிலேயே மிஷின் ஓடும். காலம் முடிந்தால் கல்யாணப் பத்திரிகை தவிர வேலை இல்லை. “பேப்பர் மட்டும் நீங்க வாங்கிக் குடுத்துருங்கக்கா. எழுத்துக் கோக்கறது, அடிக்கறது எல்லாம் எம்மச்சான் பாத்துக்குவான். சும்மாத்தான குந்தினு இருக்கறான்” என்றார். அம்மா தீபாவளி போனஸில் எங்களுக்குத் துணி எடுக்காமல் காகிதம் எடுத்தாள். அப்பாதான் காகிதக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அச்சகத்தில் ஈய எழுத்துகள் போதாது. எட்டுப் பக்கம் கோத்து, அடித்து, பிரித்து, அதே எழுத்துகளால் அடுத்த எட்டுப் பக்கம் கோக்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு நானும் அம்மாவும் பஸ் ஏறிப் போய்ப் பிழை திருத்திவிட்டு வருவோம். அந்த இடமெல்லாம் மண்ணெண்ணெயும் மையும், எப்போதோ முடிந்துபோன மாம்பழமும் கலந்து மணக்கும். அட்டைக்குப் படம் வேண்டும் என்றபோது அச்சகத்தில் இருந்த ஒரே பெரிய அச்சுக்கட்டை மாம்பழம்தான். பாஷா பாயின் மச்சான் அதைத் தலைகீழாகத் திருப்பி, பாதியை மறைத்து, சாம்பல் நிறத்தில் அடித்துக் காட்டினார். பனிக்கு மேல் ஒரு குன்று நின்றது. அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய மையைத் துடைக்காமலே ஊர் வந்து சேர்ந்தாள். ‘மூடுபனிச் சாவடி’ என்று பேர் வைத்தோம்.

கதையின் முடிவை அம்மா வண்டியில் யாருக்கும் சொல்லவில்லை. “அது புத்தகத்துல” என்று நிறுத்திவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். செம்பியிடம் கடைசியாக ஒரே ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. அரக்கர்கள் புரண்டு படுக்கிறார்கள், வீடுகளில் ஓடு விழுகிறது. செம்பி பானைக்குமுன் நின்று அந்தக் கடைசிச் சொல்லையும் கொடுத்துவிடுகிறாள்.

“என்ன சொல்லும்மா?”

“அவ்வான்னு எழுது. அம்மான்னு.”

என் கை நின்றுவிட்டது. இத்தனை நாளும் செம்பி என்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதாவது பாகற்காய் பிடித்திருந்ததா? மஞ்சள் என் பாவாடை இல்லையா? ஒரு நாள் நான் அம்மாவைக் கூப்பிடக்கூட முடியாத இடத்துக்குப் போய்விடுவேன் என்று அவளே சொல்வதுபோல எனக்குப் பட்டது. அவள் சேலையைப் பிழிந்துகொண்டு மேலே சொல்லிக்கொண்டே போனாள். நான் தலையைக் குனிந்து வேறொன்றை எழுதினேன். செம்பி தன் பேரையே பானைக்குள் விட்டாள் என்று எழுதினேன். பேர் இல்லாத பெண்ணாக ஊருக்குத் திரும்பி, ஓடிப்போய்த் தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள் என்று முடித்தேன். படித்துக்காட்டச் சொன்னபோது, அவள் சொன்னதையே மனப்பாடமாகத் திருப்பிச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாழ்க்கையில் நான் செய்த முதல் திருட்டு அது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டிருந்த ஒருத்தியிடம்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, பாஷா பாய் புத்தகக் கட்டுகளை நான் உட்காரும் இன்ஜின் பெட்டிமேல் அடுக்கிக் கொண்டுவந்தார். இருநூறு பிரதி. சணலை அறுத்ததும் வண்டி முழுவதும் கை நீண்டது. செல்வி அக்கா மேல்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கடைசி அத்தியாயத்தை உரக்கப் படித்தார். ‘தன் பெயரையே பானைக்குள் விட்டாள்’ என்ற வரி வந்தபோது, ஜன்னலோரம் இருந்த அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர்கள் பார்ப்பதுபோல ஒரு பார்வை. படித்து முடித்ததும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், கை தட்டினார்கள். நாகரத்னா அக்கா அம்மாவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அம்மா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் என்னை எதிரில் உட்காரவைத்தாள்.

“ஏன் புட்டி மாத்தின?”

“அம்மாவ மறக்கறது நல்லா இல்ல. அதான்.”

“மறக்கறதுன்னு நா எங்க சொன்னேன்? கூப்பிட முடியலன்னுதான சொன்னேன்.”

எனக்குப் புரியவில்லை. அழுதேன். அவள் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, என்னிடம் இல்லாமல் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். “பேரு போனா என்னா? எம்பேரு இங்க வந்த வருஷமே போச்சு. ரேஷன் கார்டுல போச்சு. ஒண்ணும் வலிக்கல. அவ்வான்னு கூப்பிட்டுப் பதினாலு வருஷமாச்சு. அங்க போயி நின்னா, கூப்பிட வாய் வராது. அதான் கதெ.”

அப்போதுதான் செம்பி நான் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

மறுபடி அச்சடிக்க வழி இல்லை. அம்மா என்ன செய்தாள் என்றால், கொடுத்த புத்தகங்களையெல்லாம் ஒரு வாரத்துக்கென்று திரும்ப வாங்கினாள். கடைசியில் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில், தன் முடிவைத் தனக்குத் தெரிந்த கன்னட எழுத்தில், பால்பாயிண்ட் பேனாவால் எழுத ஆரம்பித்தாள். சாப்பாட்டு நேரத்தில், சோறு வேகும் நேரத்தில், வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் எழுதினாள். ஒரு வாரம் என்றது தை முடியும்வரை இழுத்தது. இருநூறு தடவை எழுதினாள். எதையும் பார்த்து எழுதவில்லை. என் முடிவின்மேல் அவள் ஒரு கோடுகூடப் போடவில்லை. இடதுபக்கம் அச்சில் என்னுடையது, வலதுபக்கம் நீல மையில் அவளுடையது.

எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. ஒரு நாள் வண்டியில், அது படிக்கத் தெரிந்த நாகரத்னா அக்காவைத்தான் கேட்டேன். அவர் கன்னடத்தை விரலால் தொட்டுத் தொட்டுத் தமிழில் சொன்னார்: “செம்பி பானைக்கு முன்னாடி நின்னு, மொதல்ல அந்தச் சொல்ல மலை மேல கேக்கற மாதிரி ஒரு தடவ கத்திக் கூப்பிட்டா. அப்பறம் பானையில விட்டா. தண்ணி கொண்டாந்தா, அரக்கனுங்க குடிச்சிட்டுத் தூங்கிட்டானுங்க. ஊட்டுக்கு வந்தா வாசல்ல ஒரு பொம்பள நிக்குது. யாருன்னு செம்பிக்குத் தெரியும். கூப்பிடத்தான் வாய் இல்ல. அதனால அந்தம்மாவா கூப்பிடட்டும்னு அங்கியே நின்னா.” நாகரத்னா அக்கா புத்தகத்தை மூடினார். “அவ்ளோதான் பாப்பா. இன்னம் நிக்கறா” என்றார். பிறகு, “எந்தங்கச்சிய உங்கம்மா ஊருலதான் குடுத்துருக்குது. ஒரு புக்கு நா எடுத்துட்டுப் போறேன்” என்றார். என்னிடம் அல்ல, அம்மாவிடம். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் நாகரத்னா அக்கா ஒரு கோணிப்பையை இழுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். பை நிறையப் பச்சை அவரைக்காய். பனியில் விளைகிற, எண்ணெய் கசிகிற வாசனைக்காய். வண்டி முழுக்க மணந்தது. “உங்கம்மா குடுத்தாங்க கெம்பக்கா” என்றார். “எந்தங்கச்சி வூட்டுக்காரரு அந்தப் பக்கத்தப் படிச்சிக் காமிச்சாராம். மறுபடி படி, மறுபடி படின்னாங்களாம். விடியறதுக்குள்ள தோட்டத்துல பறிச்சி வெச்சிருந்தாங்க.”

அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை. பாஷா பாய் வண்டியை அடுத்த திருப்பத்தில் நிறுத்தி எங்களை இறக்கிவிட்டார். பகல் முழுவதும் வாசல் வெயிலில் உட்கார்ந்து அம்மா காய் உரித்தாள். ஊறவைத்துத் தோல் பிதுக்கிப் பிதுக்கி, பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து, களி கிளறி, அப்பாவுக்கும் எனக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தானும் சாப்பிட்டாள். பிதுக்கும்போது சில பருப்புகள் கைநழுவித் தெருவுக்குத் துள்ளி ஓடின. அவள் ஒவ்வொன்றாக எழுந்துபோய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அடுத்த ஞாயிறு காலையில் தனியாகப் பஸ் ஏறினாள். அங்கே யார் யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கடைசிவரை அவள் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகும் மூன்று புத்தகம் போட்டாள், எல்லாம் அதே அச்சகத்தில், மாம்பழக் காலம் முடிந்த பிறகு. இரண்டாவது புத்தகத்துக்கு முன்பே தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டுவிட்டாள். உன்னை நம்பாமல் இல்லை என்றாள். நம்பாமல்தான்.

இன்றைக்கு அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. பாஷா பாய் இல்லை. அவருடைய மச்சானின் மகன் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிறார். நாகரத்னா அக்கா மகனோடு வெளிநாடு போனார். செல்வி அக்கா ஊருக்குத் திரும்பினார் என்று கேள்வி. பனி, வந்தால் உண்டு. குன்றுகளில் பலவற்றை அறுத்துப் பளபளப்பாக்கி எங்கெங்கோ வீடுகளுக்குத் தரையாகப் போட்டுவிட்டார்கள்.

அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களில் தமிழ் அவளைவிட்டுப் போய்விட்டது. ஒரு காலையில் காபியைக் காட்டி என்னவோ கேட்டாள். அடுத்த மாதம் அக்கம்பக்கத்தார் பேசுவது புரியாமல் விழித்தாள். டாக்டர், கடைசியாகக் கற்றதுதான் முதலில் போகும் என்றார். அவளிடம் கன்னடம் மட்டும் இருந்தது. நான் ஐம்பது வயதில் கடைத்தெருக் கன்னடத்தை ஒழுங்காகப் பேசப் பழகினேன், அதன் எழுத்தையும் கற்றுக்கொண்டேன். பகல்களில் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய புத்தகத்தைத் திக்கித் திணறிக் கன்னடத்தில் சொல்வேன். வேறு யாரோ எழுதிய கதையைக் கேட்பதுபோல, வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். அச்சிலிருந்த முடிவைச் சொன்னேன். நீல மையில் இருந்த முடிவையும் படித்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “ஆமேலே?” என்றாள். அப்புறம் என்ன ஆச்சு?

புத்தகத்தில் அதற்குமேல் பக்கம் இல்லை. நான் கொஞ்சம் யோசித்து, செம்பி அந்த வாசலிலேயே நின்றாள் என்று ஆரம்பித்தேன். விடிந்தது, பனி வந்தது, உள்ளேயிருந்து யாரோ கதவைத் திறந்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன்.